நாற்பத்தேழாம் பக்கம்

முதல் கடிதம்: பெட்டிக்குள் வைத்தது

என் மகளுக்கு,

கடையிலிருந்து அப்பா எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். அம்மா நலம். மாமா நலம். என்னைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பெட்டியில் நீ கேட்ட நோட்டு இருக்கிறது. பூச்சிமருந்து அடிக்கிற ஆட்கள் அறுபது பேர், அறுபது பக்கம், பக்கத்துக்கு ஒரு சோதனை ஸ்ட்ரிப். மீதி நாற்பது அடுத்த மாதம் வரும். நூறும் வந்து சேருகிற வரைக்கும் பெட்டியை யாரும் பிரிக்கக் கூடாது என்பது உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து விதி என்று சொன்னாய். அது தெரிந்துதான் இந்தக் கடிதத்தை உள்ளே வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொல்ல முடியாது. அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அவள் காது உனக்குத் தெரியுமே, அடுத்த தெருவில் பாத்திரம் விழுந்தால் எந்தப் பாத்திரம் என்று சொல்லுவாள். நீ இதைப் படிக்கும்போது ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். அதற்குள் என் விஷயம் ஒரு பக்கமாகத் தெரிந்துவிடும்.

முதல் நாள் நான் பட்ட பாட்டைக் கேள். கிடங்குக்குப் பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையைப் போட்டு, நீ அனுப்பிய கப்புகளை அடுக்கி வைத்தேன். ஆட்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். ஒருத்தனும் கை நீட்டவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உன் மாமாதான் வாயைத் திறந்தான். நீ ஒருத்திதான் அவனை மாமா என்கிறாய், ஊருக்கு அவன் மூக்கன். மூடி திறந்த பாட்டிலை இருபதடி தூரத்தில் வைத்தாலும் அது என்ன மருந்து, எந்தக் கம்பெனி என்று மோந்து சொல்லுகிறவன். "ஏன் மச்சான், உன் பொண்ணு இத்தனை வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்சது எங்க ஒண்ணுக்கைப் பாக்கறதுக்கா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "சிரிக்காதீங்கடா, நாளைக்கு இதையும் பாட்டில்ல அடைச்சு நமக்கே வித்துடுவான் இந்த ஆளு" என்று சொல்லி முதல் கப்பை அவனே எடுத்தான். ஆனால் மேஜைக்கு வந்தது நாற்பத்தேழாவதாகத்தான். அவ்வளவு நேரம் வாசலில் நின்று அரட்டை.

நீ இந்த வேலையைப் பற்றி முதலில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பூச்சிமருந்து ரொம்பச் சின்னப் பொருள் அப்பா, அதை மட்டும் முயலுக்கு ஊசி போட்டால் முயல் உடம்பு கண்டுகொள்ளாது, ஆன்டிபாடி சுரக்காது. ஒரு பெரிய புரதத்தோடு கட்டி உள்ளே விட்டால்தான் உடம்பு முழித்துக்கொள்ளும் என்றாய். சின்ன ஆள் தனியாகப் போனால் ஆபீஸ் வாசலில் ஒருத்தனும் மதிக்க மாட்டான், பெரிய மனுஷனோடு போனால் எழுந்து நிற்பான், அவ்வளவுதானே என்று கேட்டேன். அரை மணி நேரம் சிரித்தாய். அதற்கு முன்னால் ஒரு வருஷம் நாம் பேசாமல் இருந்தோம். நீங்க விக்கிறது யார் உடம்புல எவ்வளவு இருக்குன்னு அளக்கத்தான் போறேன் என்று கல்லாவுக்கு எதிரே நின்று நீ சொன்னாய். உன்னைப் படிக்க வைத்ததே அந்தப் பாட்டில்தான் என்று நான் கத்தினேன். ரெண்டும் உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் ஒரு வருஷம் ஆனது.

இப்போது ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். ஸ்ட்ரிப்பை நனையுங்கள், கால் மணி நேரம் பொறுங்கள், நோட்டில் ஒட்டி நம்பர் போட்டு மூடுங்கள், என்ன வந்திருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம் என்று சொன்னாய். சேகரிக்கிற ஆளுக்குப் படிக்கத் தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், படிக்கிற முறையை எனக்குச் சொல்லவும் இல்லை, பெட்டியில் எழுதி வைக்கவும் இல்லை. விஞ்ஞானத்துக்கு அது சரி. ஆனால் வியாபாரி கையில் சரக்கைக் கொடுத்து, அது என்ன என்று பார்க்காதே என்றால் நடக்குமா? எதிரே ஒருத்தன் நின்றுகொண்டு, "முதலாளி, எனக்கு என்னங்க வந்திருக்கு?" என்று கேட்கிறான். கடைக்கு வந்தவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. படித்தேன். சொன்னேன்.

படிக்க ஒன்றும் கஷ்டம் இல்லை. ஊரே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காய்ச்சல் காலத்தில் குழந்தை குட்டி எல்லாம் கற்றுக்கொண்டதுதான். ரெண்டு கோடு என்றால் மாட்டிக்கொண்டோம். ஒரு கோடு என்றால் தப்பித்தோம். இங்கே முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு கோடு, இருபத்திரண்டு பேருக்கு ரெண்டு. இதில் ஒரு விஷயம் கவனித்தேன். வருஷக்கணக்காக மருந்து அடிக்கிற பழைய ஆட்களுக்குத்தான் ஒரு கோடு. போன வாரம் சேர்ந்த புது ஆட்களுக்கும், உடம்பு சரியில்லை என்று ஒரு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு வந்தவர்களுக்கும் ரெண்டு. நானும் மூக்கனும் முதுகில் டேங்க் கட்டி நடந்த காலத்திலிருந்தே சொல்லிவருவதுதான்: பழகின உடம்பில் மருந்து ஒட்டாது, புது உடம்பைத்தான் பிடிக்கும். இதைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஆனால் உன் ஸ்ட்ரிப்பே அதைத்தானே சொல்கிறது?

ரெண்டு கோடு வந்த இருபத்திரண்டு பேரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். பாதிக் கூலி வீடு தேடிப் போகும். இதைச் சொன்னதும் அம்மா எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலா என்று. சீசன் நேரம், தோட்டக்காரர்கள் தினம் நாலு தடவை ஆள் கேட்டு வருகிறார்கள். அந்த இருபத்திரண்டு டேங்கையும் ஒரு கோடுக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். லாபம் பார்க்காமல் நான் செய்த காரியம் என்று நாளைக்கு எதையாவது நீ சொல்ல வேண்டியிருந்தால் இதைச் சொல்.

மாமாவுக்கு ஒரு கோடு. ஒரு மாதமாகத் தலைவலி, கண்ணில் தண்ணீர் வழிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். "போதும் மச்சான். கிடங்கு வாசல்ல ஒரு நாற்காலி போட்டுக் குடு, சாவியப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று போன வாரம்தான் கேட்டான். நானும் சரி என்று சொல்லியிருந்தேன். ஸ்ட்ரிப்பைப் பார்த்ததும், உனக்கெதுக்குடா நாற்காலி, நீ சுத்தமான ஆளு, தலைவலிக்குக் கண்ணாடி மாத்து என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு பாஸான மாதிரி. "என் மருமக குடுத்த சர்டிபிகேட்டு" என்று சொல்லி ஸ்ட்ரிப்பைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எவ்வளவு கேட்டும் தரவில்லை. தோட்டம் தோட்டமாக எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். அதனால் நாற்பத்தேழாம் பக்கம் மட்டும் காலியாக இருக்கும். கோபிக்காதே.

என் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் போன பிறகு மிச்சம் இருந்த ஒரு ஸ்ட்ரிப்பில் என்னுடையதையும் பார்த்தேன். நம்பர் போடவில்லை, நோட்டில் ஒட்டவும் இல்லை.

ரெண்டு கோடு. ரெண்டும் அழுத்தமாக, சிவப்பாக.

மருந்து அடிக்கிறவன் காற்றில் நிற்கிறான். நான் இருபத்தைந்து வருஷமாக அந்த வாசனையை மூடிய கிடங்குக்குள் வைத்துப் பூட்டி, அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ராசிக் கடை என்று ஊரில் பேர். ராசி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிகிறது. நீ கல்லாவுக்கு எதிரே நின்று சொன்னதற்கு இது பதில் என்று நினைக்கிறேன். உன்மேல் கோபம் இல்லை. நியாயமான தராசு.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு ஏதாவது ஆனால் கடையை மாமா பார்த்துக்கொள்வான். அவன் சுத்தமாக இருக்கிறான் என்பதுதான் எனக்கு இப்போது ஒரே ஆறுதல். அவனைக் கேட்காமல் எதையும் விற்காதே. அந்த ஒரு வருஷத்தை நினைத்து மனதைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே.

உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும். என்னுடையதில் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்.

அப்பா

•

இரண்டாம் கடிதம்: பதிவுத் தபாலில் வந்தது

என் மகளுக்கு,

இதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்குகிற தபாலில் அனுப்புகிறேன். வாங்கிய இடத்திலேயே நின்று படி.

மாமா போய் இன்றோடு பன்னிரண்டு நாள். நீ வந்து ரெண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினாய். அந்த ரெண்டு நாளும் நாம் ஒரே வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். ஃபோனில் பேசியது பாதி, பேசாதது பாதி. பேசாததை எழுதுகிறேன்.

கீழே விழுந்த அன்று காலையில் மாமா கடைக்கு வந்தான். மேஜைமேல் ஒரு பாட்டில் மூடி திறந்து இருந்தது. தோட்டக்காரர் ஒருத்தருக்கு அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பாட்டிலுக்கு முன்னால் ஒரு முழத்தில் நின்றுகொண்டு, "இன்னிக்கு என்னத்தைத் திறந்திருக்க மச்சான்?" என்று கேட்டான். அந்த மூக்கு கேட்கிற கேள்வியா அது? மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகிக்கொண்டிருந்தது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்கனுக்கே மூக்கு போச்சா, இனிமே உன்னை எப்படிடா கூப்பிடறது என்று கேலி செய்தேன். தோட்டக்காரரும் சிரித்தார். அவனும் சிரித்தான். சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, "பேரு போனா போவுது, சர்டிபிகேட்டு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு ரெண்டு ஆள் டேங்கையும் ஏற்றிக்கொண்டு போனான். இருபத்திரண்டு பேரை நான் வீட்டில் உட்கார வைத்ததால் வந்த ரெண்டாவது டேங்க்.

மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயில் நுரை. கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தொடைச் சதை தோலுக்குள் புழு ஓடுகிற மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். மருந்து இல்லை, அவன் உடம்பில் மருந்து கிடையாது, சோதனை பண்ணியாச்சு, வேறு ஏதாவது பாருங்கள் என்றேன். நல்ல வேளை, டாக்டர் என் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணைப் பார்த்ததுமே ஊசியைப் போட ஆரம்பித்துவிட்டார். கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பதினோரு நாள் கிடைத்தது அந்த டாக்டரால்தான்.

சட்டையைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். ரத்தம் எடுக்கிற பெண் பையில் இருந்ததைக் கணக்கெடுத்தபோது ஸ்ட்ரிப் வெளியே வந்தது. சின்னப் பெண், உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இது எதுக்கான ஸ்ட்ரிப் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன், என் மகள் கண்டுபிடித்தது, உடம்பில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பது, ஆன்டிபாடி வைத்துச் செய்தது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இது தெரிஞ்சுமா அய்யா இவரை வேலைக்கு அனுப்புனீங்க?" என்றாள். ஒரு கோடுதானேம்மா, சுத்தம்தானே என்றேன்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "எங்ககிட்டயும் இப்படி ஒண்ணு இருக்குங்கய்யா, தூக்க மாத்திரை அதிகமா சாப்பிட்டு வர்றவங்களுக்குப் பாக்கறது. காய்ச்சல் ஸ்ட்ரிப்பு மாதிரி கிடையாது, தலைகீழு. மேல் கோடு எல்லாருக்கும் வரும். கீழ் கோடு வந்தா உடம்புல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். அழிஞ்சுபோனாத்தான் இருக்குன்னு அர்த்தம். எதுக்கும் உங்க பொண்ணையே கேட்டுப் பாருங்க" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி நடையில், மருந்து வாங்குகிற வரிசைக்குப் பக்கத்தில் நின்றுதான் உனக்கு ஃபோன் செய்தேன். ஒரு கோடு என்றால் என்ன என்று மட்டும் கேட்டேன். நீ பதில் சொல்லாமல், ஏன்பா கேக்கறீங்க, யாருக்கு ஒரு கோடு என்று திருப்பிக் கேட்டாய். சொன்னேன். அப்புறம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாய். உங்க மார்க்கெட்டையே நினைச்சுக்கோங்கப்பா. ஆன்டிபாடிதான் மூட்டை தூக்கற ஆளுங்க. லாரியில சரக்கு வந்தா எல்லாரும் ஆளுக்கொரு மூட்டையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, திண்டுல உக்கார ஒருத்தனும் இருக்கமாட்டான். சரக்கு வரலைன்னாத்தான் எல்லாரும் திண்டுல வரிசையா உக்காந்திருப்பாங்க. அந்த வரிசைதான் கீழ்க் கோடு. உடம்புல மருந்து இருந்தா திண்டு காலி.

ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அந்த மார்க்கெட்டில் லாரிக்குக் காத்துக்கொண்டு நானே அந்தத் திண்டில் உட்கார்ந்தவன். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் என்று ஒரு கணம் உன்மேல் கோபம் வந்தது. மறைக்கவில்லை. அதே மூச்சில் ஞாபகம் வந்தது: நீ என்னைப் படிக்கவே வேண்டாம் என்றுதானே சொன்னாய். அன்றைக்கே நீ விதியை மீறிப் பெட்டியைப் பிரித்தாய், என் முதல் கடிதத்தைப் படித்தாய். அப்பா உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா, ரெண்டு கோடுன்னா ஒண்ணும் இல்லப்பா என்று மறுநாள் ஃபோனில் நீ சொன்னபோது நான் வைத்துவிட்டேன். நல்ல செய்திதான். அதைக் கையில் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. சாப்பாடு இறங்காமல் நாலு நாள் என்னை நினைத்து அழுதேனே, அந்த நாலு நாளும் அவன் வெயிலில் ரெண்டு டேங்க் சுமந்தான்.

மீதி முப்பத்தேழு பேர் வீட்டுக்கும் நடந்தே போனேன். வண்டியில் போய் இறங்கிச் சொல்லுகிற விஷயம் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியம்: நான் தப்பாகப் படித்துவிட்டேன், உன் உடம்பில்தான் மருந்து இருக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வா. ஒன்பது பேரைப் படுக்க வைத்தார்கள். எட்டுப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆளுக்கு இன்னும் கால் நிற்கவில்லை. அவன் பெண்டாட்டி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "படிச்ச பொண்ணப் பெத்தவருங்கன்னு நம்புனோம்" என்றாள். அடித்திருக்கலாம். வீட்டில் உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தன், புதிதாகச் சேர்ந்த ஆள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நல்லா இருந்த எங்களை உக்கார வெச்சீங்க, சாகப்போறவங்களை அனுப்புனீங்களா முதலாளி?" என்று கேட்டான். கேலி இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். ஆமாம்டா என்றேன்.

வாழ்க்கையில் எவ்வளவோ பேரை ஏமாற்றியிருக்கிறேன். தேதி முடிந்த சரக்கைத் தள்ளியிருக்கிறேன். கையுறை விற்காதே, பயந்துவிடுவார்கள் என்று கம்பெனிக்காரன் சொன்னதைக் கேட்டு அலமாரியில் கையுறை வைக்காமல் இருந்திருக்கிறேன். அதற்கெல்லாம் ஒருத்தனும் சாகவில்லை, அல்லது செத்தது எனக்குத் தெரியவில்லை. நல்லது செய்யப் போன ஒரே தடவையில் என் கையாலேயே அனுப்பினேன். முதல் கடிதத்தில் அதைப் பெருமையாக எழுதியிருப்பேன், அந்த வரியைக் கிழித்துவிடு.

இனி நான் எழுத வந்த விஷயம்.

மூன்று நாளைக்கு முன்னால் உன்னோடு பேசிவிட்டு அம்மா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "என்னங்க, பாப்பா ஒரே அழுகை. அவளோட டெஸ்ட்டுதான் தப்பாக் காட்டிடுச்சாம். மாமாவ நான்தாம்மா கொன்னுட்டேங்கிறா. அந்த வேலையே வேணாம்னு எழுதிக் குடுக்கப் போறாளாம். அப்படியாங்க? அந்த டெஸ்ட்டுதான் தப்பா?" என்று கேட்டாள்.

முப்பத்தேழு வாசலில் நான் சொன்னதை, துக்க வீடு என்று ஒருத்தரும் இவள் காதில் போடவில்லை. தம்பியை இழந்தவள் கேட்கிறாள். இல்லை என்கிற ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல், "ம்" என்றேன்.

"ம்" என்றதும் அவள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீங்க என்ன பண்ணுவீங்க, மிஷினு தப்பு பண்ணா என்று என் தோளில் கை வைத்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கை என்மேல் அவ்வளவு கனமாக இருந்ததில்லை.

நீ எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். அம்மாவுக்கு அண்ணன் தம்பி என்று இருந்தது அவன் ஒருத்தன். அந்தக் கோபம் என்மேல் விழுந்தால் இந்த வீடு நிற்காது என்று கணக்குப் போட்டு, உன் தலையில் வாங்கிக்கொண்டாய். என் மகள் என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டாம், சரக்கை மாற்றி வைக்கிற சாமர்த்தியம் அப்படியே வந்திருக்கிறது. ஆனால் நான் அந்தப் பொய்யைக் குடித்துவிட்டு மூன்று நாளாக உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். உன் உழைப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். முயலுக்கு ஊசி போட்டு, ஒரு வருஷம் ஆன்டிபாடி பிடிக்காமல், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, பிடித்த அன்று நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி எனக்கு ஃபோன் செய்தாய். அதை என் "ம்" ஒன்றில் விற்றுவிட்டேன்.

உன் ஸ்ட்ரிப் தப்புக் காட்டவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த முப்பத்தெட்டுப் பேருடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். ஒவ்வொருத்தர் உடம்பிலும் மருந்து. ஒருத்தர்கூடத் தப்பவில்லை. வீட்டில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. விழுவதற்குப் பத்து நாளைக்கு முன்னாலேயே இவரை வேலையை நிறுத்தச் சொல்லியிருந்தால் உடம்பு தானாகவே தேறியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். பத்து நாளைக்கு முன்னாலேயே உன் ஸ்ட்ரிப் அதைச் சொல்லிவிட்டது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து அவனிடம் மாற்றிச் சொன்னவன் நான்.

அதனால் எழுதிக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. உன் மேலதிகாரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, அப்பா என்று பார்க்காதே, பேர் போட்டே காட்டு. வியாபாரி என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எடுக்கிறவன் படிக்கக் கூடாது என்றால் கண்ணுக்கே தெரியாதபடி மூடிய டப்பாவில் வைத்து அனுப்பு. படிக்கலாம் என்றால் அந்த மூட்டை தூக்குகிற ஆள் கதையைப் பெட்டிமேல் பெரிய எழுத்தில் போடு, கோடு அழிந்தால் ஆபத்து என்று. ரெண்டுக்கும் நடுவில் விடாதே. நடுவில் இடம் விட்டால் என்னைப் போல எல்லாம் தெரிந்த ஒருத்தன் வந்து உட்கார்ந்துகொள்வான். எல்லா ஊரிலும் ஒருத்தன் இருப்பான்.

இந்தத் தபாலைப் போட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போகிறேன். அம்மாவிடம் சொல்லப் போகிறேன். கடிதம் கையை விட்டுப் போன பிறகு என்னாலேயே மாற்ற முடியாது என்பதற்காகத்தான் முதலில் தபால். பயப்படாதே, நான் அசட்டுத்தனமாக எதுவும் செய்துகொள்ளமாட்டேன். முப்பத்தேழு பேர் இன்னும் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல ஆள் வேண்டும். கிடங்கைப் பூட்டிவிட்டேன். வாசலில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அதில் நான் உட்காருவதில்லை.

அம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் வந்துவிட்டாலும் வருவாள். வந்தால் கதவைத் திற, என்னைப் பற்றிச் சமாதானம் பேசாதே. ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல ஃபோன் வந்தால் எடு. அவள் பேசினால் கேட்டுக்கொள். மணி அடிக்காமலே போனாலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்காதே.

இதோடு ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிப் பெண் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். சட்டைப்பையில் இருந்ததால் ஓரம் கொஞ்சம் கசங்கியிருக்கிறது, வேர்வைக் கறை இருக்கும். கோடு அப்படியே இருக்கிறது, ஒன்றே ஒன்று. நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒட்டிவிடு. ஒட்டினால்தான் அறுபது சரியாக வரும். மீதி நாற்பதையும் யாரையாவது வைத்து முடி.

உன்னை வாழ்த்த எனக்கு இப்போது வாய் வரவில்லை. அவன் தோட்டம் தோட்டமாகக் காட்டித் திரிந்தானே, என் மருமக குடுத்த சர்டிபிகேட்டு என்று, அதையே வாழ்த்தாக வைத்துக்கொள், கண்ணு. அவன் உன்னை நம்பினான். நீ சரியாகத்தான் சொல்லியிருந்தாய்.

அப்பா